வளைஞ்சு வளைஞ்சு

எறணாகுளம் பிராட்வேயில் நகைக்கடையை விட்டு இறங்கியதிலிருந்து அந்த ஆள் பின்னாலேயே வருகிறான். ரோசியின் இடுப்புச் சுருக்குப்பையில் மகளின் தாலி. அது போனால் கல்யாணமே போச்சு.

“ஏங்க, மஞ்சப்பையோட ஒருத்தன் விடாம வாறான்.”

“திரும்பிப் பாக்காத,” என்றான் சூசையப்பன். “நம்ம சூரியநெல்லியில ஆனை தொரத்துனா நேராவா ஓடுவோம்? வளைஞ்சு வளைஞ்சுதான போவோம்? அதே மாதிரி வா.”

துணிக்கடைத் தெருவில் நுழைந்து பாத்திரக்கடைத் தெருவில் வெளியே வந்தார்கள். மசாலாச் சந்தைக்குள் புகுந்து, பூக்கடைச் சந்தில் திரும்பினார்கள். அவனும் வளைந்து வளைந்து வந்தான். கடைசியில் சந்து ஒரு சுவரில் போய் முட்டி நின்றது.

ரோசி சுருக்குப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். “என்னய்யா வேணும் உனக்கு? கிட்ட வந்தே, கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டிருவேன்!”

அவன் மூச்சு வாங்க, மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

“தாயி, நான் பீர்மேடு எஸ்டேட்டுக்காரன். மகளுக்குத் தாலி எடுத்துட்டு வாறேன். தெரியாத ஊரு, திருட்டுப் பயம் வேற. கடையில நீங்க நம்ம தமிழ்ல பேசுனது காதுல விழுந்துச்சு. உங்களோட ஒட்டிக்கிட்டா பத்திரமா பஸ்ஸ்டாண்டு போயிரலாம்னு வந்தேன். அதுக்கு ஏன் தாயி இந்த ஓட்டம்? உங்கள எவனும் தொரத்துறானா?”

ரோசி புருசனைப் பார்த்தாள். சூசையப்பன் நாலா பக்கமும் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“அத விடுங்க அண்ணாச்சி. நாம எந்தப் பக்கமா வந்தோம்னு உங்களுக்காவது ஞாபகம் இருக்கா?”