குப்புறப் படுக்கிறவர்

"சார் எப்படிப் படுப்பீங்க? மல்லாந்தா, ஒருக்களிச்சா, குப்புறவா?" என்று கேட்டார் கடைக்காரர்.

பாண்டி பஜாரை ஒட்டின தெருவில் மெத்தையும் தலையணையும் மட்டுமே விற்கிற கடை. மகேஷுக்குக் கொஞ்ச நாளாகக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. நல்ல தலையணையாக வாங்கினால் சரியாகும் என்று வர்ஷினிதான் அவனை இழுத்து வந்திருந்தாள்.

"மல்லாந்துதான்," என்றான் மகேஷ்.

வர்ஷினியும் தலையாட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறாளே! கட்டையைக் கிடத்தின மாதிரி நேராகப் படுப்பான். காலையில் எழுந்திருக்கும்போதும் அப்படியேதான் கிடப்பான்.

"அப்போ உயரம் வேணாம் சார். கழுத்துக்கு அடியில மட்டும் கொஞ்சம் மேடா..."

"இன்னா மகேஷு, கூசாம பொய் சொல்றே?" பின்னாலிருந்து ஒரு பெண் குரல் சிரித்தது. "கையை மடிச்சு தலைக்கு வெச்சுக்கினு, குப்புற கவுந்துதானே தூங்குவே?"

கடைக்காரர் சட்டென்று தலையணை உறையைத் தடவ ஆரம்பித்துவிட்டார்.

வர்ஷினி திரும்பினாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கறுப்பு புர்கா, மை தீட்டின கண்கள், களையான முகம்.

"நஸ்ருன்னிசா... நீங்க எங்க இங்க?" மகேஷுக்கு நாக்கு குழறியது.

"தலகாணி வாங்கத்தான். இவங்க யாரு, உன் வூட்டுக்காரம்மாவா?"

"ஆமா" என்று சொல்லிக்கொண்டே, 'எதுவும் பேசாதீங்க' என்பதுபோல மகேஷ் தலையை அசைக்கப் பார்த்தான். கழுத்து விடவில்லை. "ஆ" என்று பிடித்துக்கொண்டான்.

வர்ஷினி அதைப் பார்த்துவிட்டாள்.

"யாரு மகேஷ் இவங்க?"

"ஆபீஸ் பக்கத்துல... டீக்கடையில... தெரிஞ்சவங்க."

"டீக்கடையில நீ தூங்குவியா?"

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. யார் என்று அவள் கண்ணில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம்" என்று வாசலுக்குப் போனான்.

வர்ஷினி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். போன மாதம் பாதிநாள் ராத்திரி அவன் வீட்டில் இல்லை. வேளச்சேரி ஆபீஸில் புது ப்ராஜெக்ட், அங்கேயே தங்க வேண்டும் என்றான். விடிந்து வருவான், குளிப்பான், மறுபடி ஓடுவான். போன் வந்தால் பால்கனிக்குப் போய்விடுவான். கழுத்து வலி வந்ததும் அப்போதுதான்.

கட்டினவளுக்கே தெரியாத அவன் தூக்கம், இவளுக்கு எப்படித் தெரியும்?

நேராக நஸ்ருன்னிசாவிடம் போனாள்.

"அவர் குப்புறப் படுப்பார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நஸ்ருன்னிசா ஒரு நிமிடம் விழித்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"யம்மா! தப்பா நெனச்சுக்கினியா? ஆஸ்பத்திரில பக்கத்து பக்கத்து கட்டில்மா. என் வூட்டுக்காரர் மெஹபூப் பாஷாவுக்கு முதுகுல ஆபரேஷன். அடுத்த கட்டில்ல மகேஷோட அப்பா, இடுப்பு ஒடிஞ்சு. நான் ஸ்டூல்ல குந்திக்கினே இருப்பேன். மகேஷு வெறுந்தரையில கவுந்துக்கினு கெடப்பாரு. கெடைச்ச ஒரு தலகாணியையும் பெரியவர் காலுக்கு அண்டக் குடுத்துடுவாரு. கழுத்து வலிக்காம இன்னா பண்ணும்?"

"அவரோட அப்பாவா?" வர்ஷினியின் குரல் உயர்ந்தது. "அவர் காலமாகி எத்தனையோ வருஷம் ஆச்சு!"

இவளிடமும் ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறானா?

"இன்னாம்மா சொல்றே? டாக்டர்கிட்ட, நர்சுகிட்ட எல்லாம் 'எங்கப்பா, எங்கப்பா'ன்னுதானே சொன்னாரு? செவப்பா, ஒல்லியா இருப்பாரு. மந்தவெளியில வூடு. பேரு கூட ஸ்ரீரங்கன்."

வர்ஷினி பக்கத்தில் கிடந்த மெத்தையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்ரீரங்கன் அவளுடைய அப்பா. பெண் கேட்டு வந்த மகேஷை, "நம்ம ஜாதியில்லாதவன் இந்த ஆத்துக்குள்ள கால் வைக்கப்படாது" என்று நாலு பேர் பார்க்க வெளியே போகச் சொன்னவர். அன்றைக்கு அவனோடு வெளியே வந்தவள்தான். அதற்கப்புறம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அவர் பேச்சையே எடுக்கக் கூடாது என்று மகேஷிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

நஸ்ருன்னிசா அதொன்றும் அறியாமல் பேசிக்கொண்டே போனாள்.

"மொதல்ல அந்தப் பெரியவர் இவரைப் பார்த்தாலே மூஞ்சைத் திருப்பிக்குவாரு. கஞ்சி குடுத்தா தட்டி வுடுவாரு. இவரு ஒரு வார்த்தை பேசணுமே! தொடைச்சுட்டு மறுபடி ஊட்டுவாரு. கடைசில இவரு கையைப் புடிச்சாதான் பாத்ரூமுக்கே எழுந்திருப்பேன்னு அடம். உன்னை ஏன் கூட்டினு வரலைன்னு கேட்டேன். உனக்கு உடம்பு சரியில்லைன்னாரு."

"இப்போ... எப்படி இருக்கார்?" வர்ஷினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வூட்டுக்குப் போயிட்டாரே, உனக்குத் தெரியாதா? கம்பு வெச்சுக்கினு நடக்கறாராம்."

வாசல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகேஷ் போனில் பேசிக்கொண்டிருந்தான். யாருக்கோ பொறுமையாக, கையை ஆட்டி ஆட்டி, எதையோ விளக்கிக்கொண்டிருந்தான். வர்ஷினிக்குக் கண்ணீர் தாரையாக வழிந்தது.

புருஷனை நினைத்துப் பெருமையில் அழுகிறாள் என்று எண்ணிக்கொண்டு, நஸ்ருன்னிசா அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

"அழாதம்மா. புள்ளை தங்கமா அமைஞ்சாரு, பெரியவர் பொழைச்சாரு. அவருக்கு ஒரு பொண்ணு வேற இருக்குதாம். கீழே வுழுந்து கெடந்தப்போ போன் மேல போன் போட்டாராம், எடுக்கவே இல்லையாம்... அதுவும் ஒரு பொண்ணா, நீயே சொல்லு!"