பனிப்புல் தின்ற ராத்து

பனி உலராத புல்லை ஆசை ஆசையாக அள்ளிப் போட்டவன் தர்சோனோதான். ஆடு வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. சினை ஆட்டுக்கு விருந்து வைத்தானாம். இப்போது மெனோரே மலைச்சரிவில், கால் நட்டு உயர்த்திய கொட்டிலின் மூங்கில் இடுக்குகளில் காலை வெயில் கோடு கோடாக விழ, ராத்து என்ற அந்த ஆடு வயிறு முரசு போல உப்பி நிற்கிறது. நீண்ட காதுகள் தொங்க, முனகுகிறது. பிரசவ வலிதான் என்று முடிவுகட்டி, மனைவியின் புது டவலை விரித்து மண்டியிட்டுக் காத்திருக்கிறான் அவன். பக்கத்து வீட்டு லஸ்த்ரி வந்து ஆட்டின் வாயில் தேங்காயெண்ணெயை ஊற்றுகிறாள். அதன் முன்னங்கால்களைத் தூக்கி அவன் தோளில் வைக்கிறாள்.

"குட்டிக்கு ஒண்ணும் ஆயிடலையே அக்கா?"

"டவல் நல்லாருக்கு. எங்க வாங்கின?"

"அக்கா, கேக்கறேன்ல."

"அசையாம இரு. உன் பொண்டாட்டி முன்னாடிகூட இவ்வளவு பவ்யமா மண்டி போட்டிருக்க மாட்ட."

அவள் இடது விலாவைப் பிசையப் பிசைய, ராத்து அவன் முகத்துக்கு நேரே நீளமாக ஓர் ஏப்பம் விடுகிறது. அவன் கண்கள் கலங்குகின்றன. புளித்த புல் வாடையால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். லஸ்த்ரி அவன் கையைப் பிடித்து ஆட்டின் வலப்பக்க வயிற்றில் அழுத்துகிறாள். உள்ளிருந்து ஏதோ வெடுக்கென்று உதைக்கிறது.

"இடது பக்கம் இருந்தது ஈரப்புல்லு கிளப்பின காத்து. இதுதான் குட்டி. நல்லாத்தான் இருக்கு."