நிற்கும்போது கசியும் இன்ஜின்

பட்டுக்கடை முதலியார் வீட்டு வாசலில் நின்ற அவருடைய பழைய காரின் பானெட்டைத் திறந்த மெக்கானிக் ஸ்ரீபாலன் குனிந்து உற்றுப் பார்த்தான். இன்ஜின் பக்கவாட்டில் மறுபடியும் எண்ணெய்!

இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டிக் கொடுத்து ஒரு வாரம்தான் ஆகிறது. நாளைக்கு முதலியார் குடும்பத்தோடு திருத்தணி போகிறார். மலையேறும்போது ஏதாவது ஆகிவிட்டால்?

நேற்று நன்றாகத் துடைத்து, கசியும் இடம் தெரிய முகப் பவுடரைத் தூவி, தாமல் ஏரிக்கரை வரை ஓட்டிப் பார்த்தான். ஒரு பொட்டுக் கசிவில்லை. ஓடும்போது கசியாத இன்ஜின், சும்மா நிற்கும்போது எப்படிக் கசியும்? உள்ளே எண்ணெய் அளவும் குறையவில்லை.

விரலால் தொட்டு மோந்தான். நல்லெண்ணெய்!

"அம்மா, இதுல நல்லெண்ணெ ஊத்தினது யாரு?"

முதலியார் மனைவி கிருஷ்ணம்மாள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"நான்தாம்பா. புதுத் தறி பூட்டினா விளக்கு வைக்கறோமில்ல? இதுவும் நீ புதுசா பூட்டினதாச்சே. தினம் சாயங்காலம் ஒரு அகல் ஏத்திக்கினு வரேன். கொஞ்சம் சிந்தியிருக்குது போல."

ஸ்ரீபாலனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தப்பு அவன் வேலையில் இல்லை. துணியை எடுத்துத் துடைக்கக் குனிந்தவன் சட்டென்று நிமிர்ந்தான்.

"எரியற அகலை எங்கம்மா வைப்பீங்க?"

"இதோ, இந்தக் கண்ணாடிக் கிண்ணத்தை ஒட்டித்தான். வெளிச்சம் பட்டா உள்ள இருக்கற தண்ணி என்னமா மினுக்குது தெரியுமா!"

அவள் ஆசையாகத் தொட்டுக் காட்டியது, பெட்ரோல் வந்து தேங்கும் கிண்ணம்.