டிரைவர் சீட் மட்டும்

அமீரகத்தின் அல் ஐன் நகரில், அபு மத்தர் வீட்டு கார் ஷெட்டில், மாலை வெயில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் முதுகில் வழுக்குகிறது. வாங்க வந்த சுஹைல் உள்ளே எட்டிப் பார்க்கிறான். எட்டு வருஷ வண்டி, மீட்டரில் பத்தாயிரம் கிலோமீட்டர்கூட இல்லை. சர்வீஸ் புத்தகத்தில் நடுவே மூன்று வருஷத்துக்கு முத்திரையே காணோம். டிரைவர் சீட்டின் தோலோ பழைய செருப்பு மாதிரி தேய்ந்து கிடக்கிறது. பக்கத்து சீட்டில் ஷோரூம் பிளாஸ்டிக் இன்னும் பிரிக்கப்படவில்லை. "தப்பா நினைக்காதீங்க மாமா, மீட்டரைத் திருப்பிட்டீங்களா?" அபு மத்தரின் தாடி துடிக்கிறது. சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் வியாபாரம் போகும். தேநீர்த் தட்டோடு வந்த அவர் மனைவி பக்கென்று சிரிக்கிறார். "ஓட்டினாத்தானே தம்பி மீட்டர் ஓடும்? என்கூட சண்டைன்னா இதுல வந்து உட்கார்ந்துக்குவார். கதவுப் பையில கைய விட்டுப் பாருங்க." சுஹைலின் கை நிறைய பேரீச்சங்கொட்டைகள்!

"அந்த மூணு வருஷம் வெளிய எடுத்தா தூசி படும்னு உள்ளேயே விட்டுட்டேன். ஓடாத வண்டிக்கு சர்வீஸ் எதுக்கு?" என்று முணுமுணுக்கிறார் அபு மத்தர், காதெல்லாம் சிவந்து. "சரி, வண்டி எனக்குத்தான் மாமா." சாவியை நீட்டிய அபு மத்தரின் கை பாதியில் நிற்கிறது. அவர் குனிந்து பக்கத்து சீட்டின் பிளாஸ்டிக்கைப் பர்ரென்று கிழிக்கிறார். கதவைப் பிடித்தபடி மனைவியைப் பார்க்கிறார். "ஏறு." "இப்பவா? கிலோமீட்டர் கூடிடுமே!" சுஹைல் மாமியின் கையிலிருந்து தேநீர்த் தட்டை வாங்கிக்கொள்கிறான். "கூடட்டும் மாமி."