பெயர் மூடிய தாள்கள்

கடற்கரை ஊரின் கால்பந்து மன்ற அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: தலைவர் சிலுவைதாசன், அவர் மகனும் அணியின் கோல்கீப்பருமான கிளமென்ட், பயிற்சியாளர் வறுவேல், ஆட்டங்களின் புள்ளிவிவரங்களைக் குறித்துவரும் ரெஜினா டீச்சர்.

மூன்று தலைமுறையாக அந்தக் கோல் கம்பத்தில் நின்றது சிலுவைதாசன் வீடுதான். மாற்று கீப்பர் தேட வேண்டும் என்ற பேச்சே அவருக்கு அவமானமாக இருந்தது.

"பேரை மூடி வையுங்க டீச்சர். கணக்கைப் பாத்துக் கை தூக்கி முடிவு பண்ணுவோம். எங்க வீட்டுக்குச் சலுகைன்னு எவனும் சொல்லப்பிடாது."

டீச்சர் இரண்டு கீப்பர்களின் பெயர் மூடிய தாள்களை வைத்தாள். கிட்டத்திலிருந்து அடித்த நூறு பந்துகளில் ஒருவன் தடுத்தது நாற்பத்தெட்டு, மற்றவன் அறுபத்தேழு.

அறுபத்தேழு தன் மகன்தான் என்று சிலுவைதாசன் நிமிர்ந்து கை தூக்கினார். டீச்சர் பெயரைத் திறந்தாள். மெல்வின். கடைசி இடத்து அணியின் கீப்பர். அவனைச் சல்லடை என்று மைதானத்திலேயே கேலி செய்தவர் அவர்.

"முப்பத்தோரு கோல் விட்டவனாச்சே?"

"அவன் முன்னால நின்னு தடுக்க ஆளில்ல ஐயா. அவ்வளவு பந்தும் அவன்மேலதான் வந்துது."

வறுவேல் தொண்டையைச் செருமினார். "தெரியாம தூக்கினது செல்லாது தலைவரே. இன்னொருக்க கேக்கேன்."

சிலுவைதாசன் மகனைப் பார்த்தார். கிளமென்ட் ஏற்கெனவே கைபேசியில் மெல்வினின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தான். "கிட்டத்துப் பந்தை எப்படிப் பிடிக்கான்னு நானும் பாக்கணும்ப்பா."

தலைவர் ஏமாந்துபோய்க் கை தூக்கினார் என்று கடற்கரையில் பேசிக்கொள்கிறார்கள். முதல் தடவை அப்படித்தான். இரண்டாம் தடவை தூக்கியபோது பெயர் திறந்தே இருந்தது.