நீலக் கட்டம்

"பக்கிளை ரெண்டு விரல் தள்ளி வெச்சுக் குடு, எஃபி. போன ஊர்வலத்துல மூச்சே விட முடியல."

"காலையிலேயே ஆறு சாசேஜ் தின்னா எப்படி விட முடியும்? பக்கிள் மேல ஏன் பழி போடற?"

எஃபியின் கணவன் லாக்லன் சிரித்தான். பேண்டில் வாசிக்கும்போது உடுத்தும் தன் கில்ட்டை, அந்தக் கட்டம் போட்ட கொசுவப் பாவாடையை, தையல் மேசை மேல் போட்டுவிட்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கல்குவாரிக்குப் போனான். பதினொரு மணிக்குப் பாறைச் சுவர் சரிந்தது. அவனோடு எஃபியின் தோழி ஊனாவின் தம்பியும், இன்னொருவரும் புதைந்து போனார்கள். விசாரிக்க வந்தவர்கள் மழையைக் குற்றம் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். குவாரிக் கம்பெனி மூன்று மலர்வளையம் அனுப்பியது.

நாலு வருடம் கழித்து, அதே கம்பெனியின் மேனேஜர் பிரென்டிஸை அழைத்துக்கொண்டு ஊர் பேண்ட் வாத்தியக் குழுவின் தலைவர் டூகல் எஃபியின் வாசலில் வந்து நின்றார். அவர் கண்கள் எஃபியைப் பார்க்கவேயில்லை.

விஷயம் இதுதான். பேண்ட் பயிற்சி செய்யும் கூடத்தின் கூரையைப் புயல் பிய்த்துப் போட்டிருந்தது. கம்பெனி புதுக் கூரை போட்டுத் தரும். டிரம்களும் புதிதாக வாங்கித் தரும். பதிலுக்குப் பதினாலு பேரும் இனி கம்பெனியின் கட்டத்தைத்தான் உடுத்த வேண்டும். நீலத்தில் வெள்ளையும் மஞ்சளும் ஓடும் துணி. ஊரின் பழைய கட்டம் கரும்பச்சையும் ஸ்லேட் சாம்பலும். குறுக்கும் நெடுக்குமாக ஒரே ஒரு சிவப்புக் கோடு. செத்த மூன்று பேரும் அந்தச் சிவப்பைக் கட்டிக்கொண்டு வாசித்தவர்கள். ஒவ்வொரு வருடமும் விளையாட்டு விழாவில் அது தன் முன்னால் நடந்து வருவது கம்பெனிக்கு உறுத்தியது.

அந்த வட்டாரத்தில் கில்ட் தைக்க எஃபியை விட்டால் ஆள் இல்லை. கதவைச் சாத்திவிடுவாள் என்றுதான் டூகல் நினைத்திருந்தார். அவளோ துணியை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"ஆளுக்கு எட்டு கஜம் வேணும்."

அவ்வளவா என்றார் பிரென்டிஸ்.

"முன்பக்கம் தட்டையா ஒரு மறைப்புதான். மிச்சமெல்லாம் பின்னாடி கொசுவத்துக்குள்ள போயிடும். அப்புறம் ரெண்டு விஷயம். பழைய கில்ட் பதினாலையும் என்கிட்ட குடுத்துடணும். கொசுவம் கலையாம இருக்கப் போடற ஓட்டுத்தையலை மைதானத்துல வெச்சு நான்தான் பிரிப்பேன். வேற யாரும் கை வைக்கக் கூடாது."

"பழசை என்ன பண்ணப் போறீங்க, மேடம்?"

"வெட்டிடுவேன்."

பிரென்டிஸுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. டூகல் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு வெளியே போனார்.

செய்தி ஊருக்குள் பரவியது. கடையில் எஃபி வரிசையில் நின்றால் பேச்சு நின்றது. ஊனா மட்டும் முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

"நம்மள நசுக்கினவன் துணிய நம்ம ஆளுங்க இடுப்புலயே சுத்தி விடறியேடி. லாக்லன் பார்த்தா காறித் துப்புவான்."

"தையல் கோணலா இருந்தா துப்புவான்," என்றாள் எஃபி. "விழாவுக்கு வா."

"எதுக்கு? மேடையில உன் முதலாளி பக்கத்துல நீ உக்காந்திருக்கறதப் பார்க்கவா?"

"மேடைப் பக்கமே போகாத. பேண்ட் கிளம்பற இடத்துல, அவங்களுக்குப் பின்னாடி நில்லு."

ஆறு வாரம் அவள் வீட்டுத் திரைச்சீலைகள் திறக்கவில்லை. கத்தரி ஓசை மட்டும் கேட்டது. யாரோ அவள் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வசவு வார்த்தை எழுதினார்கள். அவள் அதை அழிக்கவில்லை.

விழா அன்று மைதானத்தின் ஒரு கோடியில் பதினாலு பேரும் நீலத்தில் நின்றார்கள். கொசுவங்கள் நீளமான வெள்ளை நூலில் இறுகியிருந்தன. பழசைவிட இது கனமாக இருக்கிறது என்று பெரிய டிரம் அடிப்பவன் முணுமுணுத்தான்.

"புதுசு அப்படித்தான். தொந்தியை உள்ள இழுத்துக்கோ."

எஃபி ஒவ்வொருவர் பின்னாலும் முழங்காலிட்டு நூலை வெட்டி உருவினாள். நூல் போன பிறகும் முன்புறமும் பின்புறமும் நீலமாகவே இருந்தது. எதிர்க்கோடி மேடையில் பிரென்டிஸ் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பேண்ட்டுக்குப் பின்னால் ஊர் நின்றது. ஊனா வந்திருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு.

டூகல் கோலை உயர்த்தினார். அக்குள்களில் இடுக்கிய பேக்பைப்புகள் முனகி எழுந்தன. பதினாலு இடது கால்கள் முன்னே போயின.

கொசுவங்கள் விரிந்தன.

ஒவ்வொரு நீல மடிப்புக்குள்ளும் பழைய துணியில் ஒரு பட்டை தைக்கப்பட்டிருந்தது. பட்டைக்கு நடுவே, நூல் பிசகாமல், அந்தச் சிவப்புக் கோடு. அடி எடுத்து வைக்க வைக்கப் பதினாலு முதுகுக்குக் கீழேயும் சிவப்பு திறந்தது, மூடியது, திறந்தது. பேச்சு அடங்கியதைக் கேட்டு ஊனா திரும்பினாள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஊனா எஃபியின் பக்கத்தில் வந்து நின்று, அவள் உடையில் ஒட்டியிருந்த வெள்ளை நூல்களை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள்.

தன்னை நோக்கி வரும் தட்டையான நீலத்தை மட்டுமே பார்த்த பிரென்டிஸ், எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். பேண்ட் அவரைத் தாண்டிப் போக இன்னும் முப்பது அடி இருந்தது.

வீட்டில் தையல் மேசை மேல், அவள் வெட்டாத பதினைந்தாவது கில்ட்டில், பக்கிள் இருந்த இடத்திலேயே இருந்தது.