கால்வாய் மேல் கட்டிய லாட்ஜ்

“தலைவரே, வாங்க. முன்னால உக்காருங்க.”

வேங்கிக்கால் பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்த வேடியப்பனுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் முதல் வரிசையில் நாற்காலி ஒதுக்கித் தந்தார்கள். வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்னால் வந்த அவர் மனைவி பொன்னி கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

ஊராட்சித் தலைவர்களுக்கான நீர் மேலாண்மைப் பயிற்சி அது. பொறியாளர் வினோதினி திரையில் வறண்ட ஏரி ஒன்றைக் காட்டினாள்.

“மலையில மழை ஜாஸ்திதான். ஆனா வரத்துக்கால்வாய அடைச்சிட்டா ஏரிக்கு ஒரு சொட்டு வராது. ஏரி காஞ்சா சுத்துப்பட்டு கெணறெல்லாம் காஞ்சிடும்.”

பொன்னி திரையை விட்டு முன்வரிசையில் இருந்த வேடியப்பனின் முதுகைப் பார்த்தாள். கிரிவலப் பாதையோரம் கால்வாயை மண் போட்டு மூடி வேடியப்பன் லாட்ஜ் கட்டியபோது, முதலில் வறண்டது அவள் அண்ணன் முருகவேலின் கிணறு. லாட்ஜ் வேண்டாம் என்று கணவர் காலில் விழுந்து கேட்டாள்.

“ஒங்கண்ணனுக்குத் தண்ணி வேணும்னா கேன் வாங்கச் சொல்லு” என்றார் அவர்.

அந்தக் கோடையில், கருகிய கரும்புக்கு நடுவே மருந்து குடித்துக் கிடந்தான் முருகவேல். சாவுக்கு வந்த வேடியப்பன், பந்தலில் உட்கார்ந்து லாட்ஜுக்கு என்ன டைல்ஸ் போடலாம் என்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து பொன்னி அவரோடு ஒரு சண்டையும் போட்டதில்லை. காத்திருந்தாள்.

“அடைச்சவங்கள என்னா பண்றதுங்க?” என்று ஒருவர் கேட்டார்.

“ஊராட்சித் தலைவர் நோட்டீஸ் குடுக்கலாம்” என்றாள் வினோதினி. “அவங்க கையெழுத்து போதும். மீறினா ஜேசிபிய அனுப்பிடுவாங்க.”

வேடியப்பன் சிரித்தார். “எங்க ஊர்ல தலைவர் கையெழுத்து எப்பவும் ரெடியா இருக்கும் மேடம்.”

பொன்னி எழுந்தாள். “லாட்ஜு கட்டியிருந்தாலும் இடிப்பீங்களா?”

“எது கட்டியிருந்தாலும் இடிக்கணும்மா.”

வேடியப்பன் திரும்பி முறைத்தார். “ஏய், உக்காரு. இது தலைவருங்க பேசற எடம்.”

அவள் உட்காரவில்லை. அவரைத் தாண்டி நடந்து வினோதினி முன்னால் போய் நின்றாள்.

“நீங்க யாரும்மா?”

“ஓட்டுல ஜெயிச்ச தலைவர் நான்தாங்க. மொத நோட்டீஸ் என் வீட்டுக்காரருக்கு.”